சீரியல் நடிகர் திடீர்னு மாறிட்டாரா? அடுத்து எங்கே வருவார்? ரசிகர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விவரம்

சினிமா நடிகரின் ரசிகருக்கு ஒரு வசதி உண்டு. படம் எப்போது வருகிறது என்று முன்கூட்டியே தேதி தெரிந்துவிடும். ஃபர்ஸ்ட் லுக், டீசர், ட்ரெய்லர் என்று வரிசையாகத் தகவல் வந்துகொண்டே இருக்கும். சீரியல் நடிகரின் ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. நேற்று இரவு வரை வந்த முகம், இன்று அதே நேரத்தில் வேறு முகமாக வந்து நிற்கும். திரையின் கீழே ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி வரும். அறிவிப்பு அவ்ளோதான்.

அந்த ஒரு வரிக்கும், அந்த நடிகர் அடுத்து எங்கே நடிக்கிறார் என்ற உறுதியான செய்திக்கும் நடுவே சில வாரங்கள் போகலாம், சில நேரம் சில வருடங்களும் ஆகலாம். வதந்தி, போலிக் கணக்கு, பண மோசடி மூன்றும் உள்ளே நுழைவது இந்த இடைவெளியில்தான்.

பிடித்த சின்னத்திரை நடிகரின் அடுத்த தொடர், மேடை நிகழ்ச்சி, படம் ஆகியவற்றைச் சரியாகத் தெரிந்துகொள்வது எப்படி? எந்தத் தகவலை நம்பலாம்? எங்கே உஷாராக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

கேரக்டர் ஒரு சேனலில், நடிகர் இன்னொரு சேனலில்!

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சீரியலில் கதாபாத்திரம் தொடருக்குச் சொந்தம். நடிகர் வெளியேறினாலும் கதாபாத்திரம் அங்கேயே இருக்கும். அதனால் ‘சீரியலை ஃபாலோ பண்றது’ வேறு, ‘நடிகரை ஃபாலோ பண்றது’ வேறு.

இதற்கு நல்ல உதாரணம் சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் தொடரில் ஜனனியாக நடித்தவர் மதுமிதா. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று இரண்டாம் பாகம் வந்தபோது ஜனனி இருந்தார், மதுமிதா இல்லை. அந்த வேடத்தில் பார்வதி வந்தார். மதுமிதா 2025 ஜனவரியில் விஜய் டிவியில் தொடங்கிய ‘அய்யனார் துணை’ தொடரில் நிலாவாக வந்தார். ஜனனியைப் பிடித்தவர்கள் சன் டிவியிலேயே இருந்தார்கள். மதுமிதாவைப் பிடித்தவர்கள் ரிமோட்டைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

எல்லா மாற்றமும் இப்படிச் சுமுகமாக இருப்பதில்லை. இதே ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி இந்தத் தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை பாதிக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் நடித்த ‘ஜெயிலர்’ படம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் வெளியாகியிருந்தது. பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். வேடம் தொடர்ந்தது. ஆனால், பார்த்துப் பழகிய முகமும் குரலும் போன வலியிலிருந்து மீள ரசிகர்களுக்கு நாளானது.

‘இவருக்குப் பதில் இவர்’ ஏன் வருகிறது?

நடிகர் மாறினாலே ‘சண்டை போட்டுட்டாங்க’, ‘தூக்கிட்டாங்க’ என்றுதான் கமென்ட் வரும். உண்மையில் காரணங்கள் பல.

* குடும்பக் காரணம்: விஜய் டிவியின் ‘ராஜா ராணி 2’ தொடரில் சந்தியாவாக நடித்த ஆல்யா மானசா, 2022-ல் இரண்டாவது குழந்தைக்காகத் தொடரிலிருந்து விலகினார். ரியா விஸ்வநாதன் அந்த வேடத்துக்கு வந்தார். பிறகு ஆஷா கவுடா வந்தார். ஒரே தொடர், ஒரே சந்தியா, மூன்று முகங்கள். ஆல்யா அதே 2022 டிசம்பரில் சன் டிவியின் ‘இனியா’ தொடரில் திரும்பி வந்தார்.

* தயாரிப்புத் தரப்பின் முடிவு: ஜீ தமிழின் ‘செம்பருத்தி’ தொடரில் ஆதியாக நடித்த கார்த்திக் ராஜுக்குப் பதிலாக அக்னி வந்தார். ரசிகர்கள் சமூக வலைதளங்களில் கார்த்திக் திரும்ப வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் 2022 டிசம்பரில் அதே ஜீ தமிழில் ‘கார்த்திகை தீபம்’ தொடரின் நாயகனாக வந்தார்.

* கால்ஷீட் சிக்கல்: சீரியல் நடிகர்களுக்கு மாதத்தில் இத்தனை நாள் என்று கால்ஷீட் பேசப்படும். சினிமா வாய்ப்பு வந்து அந்தத் தேதிகளோடு மோதினால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும்.

* பயணச் சிக்கல்: தமிழ் சீரியல் நடிகர்களில் கர்நாடகா, கேரளாவைச் சேர்ந்தவர்கள் கணிசம். 2020 லாக்டவுனுக்குப் பிறகு ஷூட்டிங் தொடங்கியபோது பல தொடர்களில் முகங்கள் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விலகல் நடக்கும்போது நடிகரும் சேனலும் பெரும்பாலும் காரணத்தை விரிவாகச் சொல்வதில்லை. ‘ஒப்பந்தம், மரியாதை’ என்று பல விஷயங்கள் அதில் இருக்கும். அதனால் விலகிய அன்றே ‘உண்மைக் காரணம் இதுதான்’ என்று வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை யூகம் மட்டுமே.

பத்து நாளா ஆளையே காணோம்... விலகிட்டாரா?

அவசரப்பட வேண்டாம். சீரியலில் ஒவ்வொரு நாளும் எல்லா நடிகரும் தேவைப்பட மாட்டார்கள். கதை ஒரு குடும்பத்தின் பக்கம் போனால் இன்னொரு குடும்பம் சில நாள் திரையில் இருக்காது. இதை யூனிட்டில் ‘ட்ராக்’ என்பார்கள். ‘இப்ப வில்லி ட்ராக் போயிட்டிருக்கு’ என்றால் நாயகன் சில நாள் ஃப்ரீ.

எபிசோடுகள் ஒளிபரப்புக்குச் சில நாட்கள் முன்பே எடுக்கப்படுகின்றன. ஒரு நடிகர் இன்று இன்ஸ்டாவில் துபாயில் இருந்து போட்டோ போடுகிறார், ஆனால் இரவு சீரியலில் கிச்சனில் நிற்கிறார் என்றால் குழப்பமே வேண்டாம். அது போன வாரம் எடுத்தது. அந்தப் பயணத்தின் பாதிப்பு அடுத்த வாரம் திரையில் தெரியலாம். ‘வெளியூர் போயிருக்கார்’ என்று கதையில் ஒரு வசனம் வந்தால், நடிகர் லீவில் இருக்கிறார் என்று பழகிய ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கையிருப்பு எபிசோடுகள் எவ்வளவு குறைவு என்பது 2020-ல் எல்லோருக்கும் தெரிந்தது. மார்ச் மாதம் ஷூட்டிங் நின்றதும் புது எபிசோடுகள் சீக்கிரமே தீர்ந்து, பழைய தொடர்களை சேனல்கள் மறுஒளிபரப்பு செய்தன.

இன்னொரு முக்கியமான சூழல் பிக்பாஸ். விஜய் டிவியில் 2017-ல் தொடங்கிய இந்த நிகழ்ச்சிக்குள் போகும் நடிகரிடம் சுமார் 100 நாள் செல்போன் இருக்காது. அந்தக் காலத்தில் அவர் கணக்கில் வரும் பதிவுகள் எல்லாம் குடும்பமோ, நண்பர்களோ, அட்மின் டீமோ போடுபவை. ‘அவரே ரிப்ளை பண்ணார்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வியாழக்கிழமை வந்தா ஏன் டென்ஷன்?

ஒரு தொடர் நீடிக்குமா, நேரம் மாறுமா, சீக்கிரம் முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில் டிஆர்பிக்குப் பெரிய பங்கு உண்டு. ரசிகர் பக்கங்கள் வியாழக்கிழமைக்குக் காத்திருப்பது இதனால்தான். ‘பார்க்’ எனப்படும் பிராட்காஸ்ட் ஆடியன்ஸ் ரிசர்ச் கவுன்சில், சனி முதல் வெள்ளி வரையிலான ஒரு வாரக் கணக்கை அடுத்த வியாழக்கிழமை வெளியிடுகிறது. 2015 முதல் இந்த அமைப்புதான் இந்தியாவில் இந்தக் கணக்கை எடுக்கிறது.

எப்படி எடுக்கிறார்கள்? தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு மீட்டர் பொருத்தப்படும். சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் கலக்கப்பட்டிருக்கும். எந்த நேரத்தில் எந்த சேனல் ஓடியது என்பதை மீட்டர் அதை வைத்துப் பதிவு செய்யும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2025-ல் சொன்ன கணக்குப்படி, நாட்டில் சுமார் 23 கோடி டிவி வீடுகள் இருக்கின்றன. மீட்டர் இருப்பது சுமார் 58,000. எந்தெந்த வீடுகள் என்பது ரகசியம்.

இதிலிருந்து ரசிகர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாகும்.

ஒன்று, மொபைலில் ஓடிடி ஆப்பில் எத்தனை முறை பார்த்தாலும், எத்தனை எடிட் வீடியோ ஷேர் செய்தாலும் அது டிஆர்பியில் நேரடியாகச் சேராது. ஆப் பார்வைகளை அந்தந்த நிறுவனம் தனியாகக் கணக்கிடும்.

இரண்டு, ‘உங்க ஹீரோவுக்கு டிஆர்பி ஏத்தித் தர்றோம், பணம் போடுங்க’ என்று யாராவது கேட்டால் அது நூற்றுக்கு நூறு மோசடி. பிக்பாஸ் ஓட்டுக்குப் பணம் கேட்பவர்களும் இதே ரகம்தான். ஓட்டு என்பது அதிகாரப்பூர்வ ஆப்பில் இலவசமாகப் போடுவது.

அடுத்த தொடர், அடுத்த படம்: எந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம்?

ஒரு நடிகரின் புதிய வாய்ப்பு பற்றி வரும் தகவல்களைக் கீழே உள்ள வரிசையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் குறையும். முதலில் இருப்பது மிக உறுதியானது. கடைசியில் இருப்பது வெறும் பேச்சு.

1. சேனலின் ப்ரோமோ. சேனலின் சொந்த யூடியூப் பக்கம், சொந்த இன்ஸ்டா பக்கத்தில் வந்திருக்க வேண்டும். ‘விரைவில்’ என்று இருந்தால் நேரம் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். தேதியும் நேரமும் போட்டுவிட்டால் உறுதி.

2. தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் போஸ்டர். சினிமா என்றால் இதுதான் முதல் ஆதாரம். போஸ்டரில் நடிகரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. நடிகரே நேர்காணலில் அல்லது தன் பக்கத்தில் சொல்வது. ‘புது புராஜெக்ட், சீக்கிரம் சொல்றேன்’ என்பது நல்ல செய்திதான். ஆனால், பாதியில் நின்றுபோகும் புராஜெக்டுகளும் உண்டு.

4. பூஜை போட்டோ, கிளாப் போர்டு போட்டோ. அதில் இருக்கும் பெயர் தற்காலிகத் தலைப்பாக இருக்கலாம்.

5. ‘நெருங்கிய வட்டாரத்தில் இருந்து வந்த தகவல்’ என்று தொடங்கும் வீடியோ. ப்ரோமோ வரும்வரை இதைத் தகவலாக எடுத்துக்கொள்ள முடியாது.

விட்டுப்போன எபிசோடுகளைப் பார்க்க, சன் டிவி தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவி தொடர்களுக்கு ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ தமிழ் தொடர்களுக்கு ஜீ5 என்று சேனலுக்கு ஒரு ஆப் இருக்கிறது. ‘முழு எபிசோட்’ என்று டெலிகிராமில் வரும் லிங்க்குகள் திருட்டு நகல்கள். அதில் மால்வேர் ஆபத்தும் உண்டு.

சீரியலில் இருந்து சினிமாவுக்குப் போகும் பாதை பொதுவாக நீளமானது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ‘சரவணன் மீனாட்சி’ தொடரில் வேட்டையனாக வந்த கவின், 2019-ல் பிக்பாஸ் போனார். 2021-ல் ‘லிஃப்ட்’ படம் ஓடிடியில் வந்தது. 2023-ல் ‘டாடா’ தியேட்டரில் வெற்றி பெற்றது. ‘தெய்வமகள்’ தொடரின் சத்யாவாக வீடுதோறும் தெரிந்த வாணி போஜன், 2018-ல் தொடர் முடிந்த பிறகு 2020-ல் ‘ஓ மை கடவுளே’ படத்தில் வந்தார். பிக்பாஸ் ஐந்தாவது சீசனில் வென்ற ராஜு ஜெயமோகன் நாயகனாக நடித்த ‘பன் பட்டர் ஜாம்’ 2025-ல் வெளியானது. இடையில் ஓரிரு வருடம் செய்தியே வராமல் இருப்பது இந்தத் துறையில் சகஜம். ‘மார்க்கெட் போயிடுச்சு’ என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

நேர்ல பார்க்கணும்... எங்கே வாய்ப்பு?

சீரியல் நடிகர்கள் பொதுவில் வரும் இடங்கள் கிட்டத்தட்ட நிலையானவை.

* கடை திறப்பு விழா: நகைக்கடை, ஜவுளிக்கடை, அழகு நிலையம், உணவகம். சென்னைக்கு வெளியே இருக்கும் ரசிகர்களுக்கு இதுதான் பெரிய வாய்ப்பு. உள்ளூர் பேனரில் தேதி, நேரம் இருக்கும்.

* சேனல் விழாக்கள்: சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள், ஜீ தமிழ் குடும்ப விருதுகள் போன்றவை. நிகழ்ச்சி ஒரு நாளில் பதிவாகும், ஒளிபரப்பு வேறு நாளில் வரும். விழா போட்டோ வந்த அன்றே டிவியில் தேடினால் கிடைக்காது.

* கோயில் திருவிழா மேடை, கல்லூரி விழா: பெரும்பாலும் இலவசம் அல்லது மாணவர்களுக்கு மட்டும்.

* பட விழாக்கள்: பெரும்பாலும் அழைப்பிதழ் இருந்தால் மட்டுமே அனுமதி.

* வெளிநாட்டு மேடைகள்: மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் தமிழர்கள் நடத்தும் கலை நிகழ்ச்சிகளில் சின்னத்திரை நடிகர்களுக்கு எப்போதும் இடமுண்டு.

போவதற்கு முன் ஒரு சின்ன சோதனை போதும். நிகழ்ச்சி நடத்தும் கடையோ கல்லூரியோ தன் பக்கத்தில் அறிவித்திருக்கிறதா, நடிகரும் தன் பக்கத்தில் அதைப் பகிர்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கிளம்பலாம். பேனரில் மட்டும் முகம் இருந்து, நடிகர் பக்கத்தில் எதுவுமே இல்லை என்றால் அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

ஷூட்டிங் ஸ்பாட் இந்தப் பட்டியலில் இல்லை. பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் ஈவிபி ஃபிலிம் சிட்டி போன்ற தனியார் வளாகங்களிலும், வாடகைக்கு எடுத்த பங்களாக்களிலும்தான் பெரும்பாலான தொடர்கள் எடுக்கப்படுகின்றன. தினமும் எபிசோட் போயாக வேண்டும் என்பதால் ஒரு நாளில் பல காட்சிகளை முடிக்கும் அவசரம் இருக்கும். கேட்டில் கூட்டம் கூடினால் வேலை தடைபடும், பக்கத்து வீட்டுக்காரர்களும் தொந்தரவு என்பார்கள்.

ப்ளூ டிக் இருந்தா ஒரிஜினலா?

முன்பு ப்ளூ டிக் என்றால் பிரபலம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. எக்ஸ் தளத்தில் பணம் கட்டி ப்ளூ டிக் வாங்கலாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் நடத்தும் மெட்டா நிறுவனமும் 2023 ஜூனில் இந்தியாவில் கட்டணச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. மெட்டாவில் அரசு அடையாள அட்டை கேட்கிறார்கள் என்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால், டிக் இல்லாத ஒரிஜினல் கணக்கும் இருக்கலாம், வேறு யாரோ பணம் கட்டி வாங்கிய டிக்கும் இருக்கலாம்.

அதனால் டிக்கோடு நிறுத்தாமல் இவற்றையும் பார்க்கலாம்.

* சேனல் அல்லது தொடரின் அதிகாரப்பூர்வ பக்கம் அந்தக் கணக்கை டேக் செய்கிறதா?
* உடன் நடிக்கும் நடிகர்கள் அந்தக் கணக்கைப் பின்தொடர்கிறார்களா?
* இன்ஸ்டாவில் மூன்று புள்ளியை அழுத்தினால் பெரும்பாலான கணக்குகளில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி வரும். எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, பெயர் மாற்றப்பட்டதா என்பது அதில் தெரியும். பத்து வருடமாக நடிப்பவரின் ‘ஒரே ஒரிஜினல் கணக்கு’ போன மாதம் தொடங்கியிருந்தால் யோசிக்க வேண்டும்.
* பெயரில் கூடுதலாக ஒரு புள்ளி, கீழ்க்கோடு, ‘அஃபிஷியல்’, ‘பிரைவேட்’ போன்ற வார்த்தைகள் ஒட்டியிருக்கிறதா?

‘ஹாய், நான்தான்...’ என்று மெசேஜ் வந்தால்?

மோசடி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ரசிகர் ஒரு பதிவில் கமென்ட் போடுவார். சில நிமிடத்தில் அதே நடிகரின் படத்தோடு ஒரு கணக்கிலிருந்து ‘உங்க அன்புக்கு நன்றி, இது என் பர்சனல் ஐடி’ என்று மெசேஜ் வரும். நாலு நாள் நலம் விசாரிப்பார்கள். பிறகு ஏதாவது ஒரு காரணத்துக்குப் பணம் கேட்பார்கள். காரணங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்:

‘ரசிகர் சந்திப்புக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம்’, ‘ஃபேன் கிளப் உறுப்பினர் அட்டை’, ‘ஆதரவற்றோர் இல்லத்துக்கு நன்கொடை’, ‘பரிசு அனுப்பியிருக்கேன், கஸ்டம்ஸ் கட்டணம் கட்டுங்க’.

இதிலேயே அதிகப் பணம் போவது ‘என் சீரியல்ல ஒரு ரோல் இருக்கு’ என்ற வலையில்தான். போர்ட்ஃபோலியோ, ஆடிஷன், சங்க உறுப்பினர் அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். இளம் பெண்களிடம் பணத்தோடு நிற்காமல் போட்டோக்களும் கேட்கப்படும். பிறகு அதை வைத்தே மிரட்டல் வரும். முன்பணம் கேட்கும் ஆடிஷன் எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது ஏஐ மூலம் குரலையும் போலி செய்ய முடியும். வாய்ஸ் நோட், வீடியோ கால் வந்ததாலேயே அவர்தான் என்று முடிவு செய்யக் கூடாது. நாலு வருடமாகத் தினமும் கேட்ட குரல் என்பதால் நம்பிவிட வாய்ப்பு அதிகம். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பல நாயகிகளுக்கு சீரியலில் பேசுவது டப்பிங் கலைஞர்கள். ‘சீரியல்ல வர்ற அதே குரல்’ என்பது பல நேரம் அந்த நடிகையின் குரலே கிடையாது!

பணம் போய்விட்டால் செய்ய வேண்டியவை:

* உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.
* சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் பதிய வேண்டும்.
* வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும்.
* மெசேஜ், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே அந்தக் கணக்கை பிளாக் செய்ய வேண்டும்.

கணினி, செல்போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

‘சீரியல் ஆளை நம்பி ஏமாந்தேன்னு வீட்ல தெரிஞ்சா மானம் போயிடும்’ என்ற தயக்கம்தான் மோசடிக்காரர்களின் முதலீடு. ஏமாற்றியவர் நடிகர் கிடையாது, ஒரு குற்றவாளி. புகார் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் சொல்றது சொந்தக் கருத்தா, விளம்பரமா?

நடிகரின் பக்கத்தில் வரும் ஹேர் ஆயில், நகைச் சீட்டு, கடன் ஆப், உடல் எடை குறைக்கும் பவுடர் போன்றவற்றில் பல பணம் வாங்கிக்கொண்டு போடும் விளம்பரங்கள். அதில் தவறில்லை. ஆனால், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

சீரியலில் பொறுப்பான மருமகளாக வருபவர் சொல்வதால் ஒரு சீட்டுக் கம்பெனி பொறுப்பானதாக ஆகிவிடாது. பணம் போடும் முன் நிறுவனத்தைத் தனியாக விசாரிப்பது அவசியம்.

வதந்தியை பரப்பாம இருப்பது எப்படி?

சீரியல் நடிகர்களைப் பற்றி அடிக்கடி சுற்றும் வதந்திகள் மூன்று: ‘இறந்துட்டார்’, ‘விவாகரத்து’, ‘ரகசியத் திருமணம்’. இதில் மூன்றாவதற்குப் பல நேரம் ப்ரோமோதான் காரணம். சீரியலில் எடுத்த கல்யாணக் காட்சியின் போட்டோவை நிஜக் கல்யாணமாகப் போட்டுவிடுவார்கள். நெற்றியில் பாசிகம், கழுத்தில் மாலை இருந்தாலே நம்பிவிடாமல், அந்த வாரத் தொடரில் திருமணக் காட்சி வந்ததா என்று பார்த்தாலே பாதி தெளிவாகிவிடும்.

இரங்கல் வீடியோ விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. குடும்பம், சேனல், செய்தி நிறுவனங்கள் மூன்றில் ஒன்றாவது உறுதி செய்யும்வரை ஷேர் செய்யாமல் இருப்பதே நல்லது. அந்த வீடியோ நடிகரின் அம்மா செல்போனுக்கும் போகும்.

அடுத்தது ஏஐ போலிப் படங்கள். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிய டீப்ஃபேக் பரவியது. 2024 ஜனவரியில் டெல்லி போலீசார் அதைச் செய்ததாக ஆந்திராவைச் சேர்ந்த ஒருவரைக் கைது செய்தனர். அவர் ராஷ்மிகாவுக்கு ரசிகர் பக்கம் நடத்தியவர். ஃபாலோயர்களை அதிகரிக்கவே இப்படிச் செய்ததாக போலீசார் தெரிவித்தனர். ரசிகர் என்ற பெயரில் செய்த வேலை, அந்த நடிகைக்கே பெரும் பாதிப்பாக முடிந்தது.

நடிகையின் அந்தரங்க வீடியோ என்று ஏதாவது கசிந்தால் ‘லிங்க் இருக்கா ப்ரோ?’ என்று கேட்பவர்கள் கூட்டமாக வருவார்கள். அது உண்மையோ போலியோ, ஆபாச வீடியோவை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் குற்றம். முதல் முறையே ஐந்து ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘நான் ஃபார்வேர்டு மட்டும்தான் பண்ணேன்’ என்பது தப்பிக்கும் வழியாகாது.

ஃபேன் பேஜ் நடத்துறீங்களா? இதைக் கவனிங்க

பல நடிகர்களைப் பற்றிய தகவல்களைத் தேதிவாரியாக, ஒரு எபிசோட் விடாமல் சேர்த்து வைத்திருப்பது ரசிகர் பக்கங்கள்தான். கல்லூரி மாணவர்களும் இல்லத்தரசிகளும் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலை இது. அது சிக்கலாகாமல் இருக்க:

* ‘ஃபேன் பேஜ்’ என்று பெயரிலோ அறிமுகத்திலோ தெளிவாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆள்மாறாட்டம் என்று புகார் வந்து பக்கமே போய்விடலாம்.
* எபிசோட் காட்சிகளின் காப்புரிமை சேனலுக்கு உரியது. நீளமான கிளிப் போட்டால் நீக்கப்படும்.
* நடிகரின் படத்தைப் போட்டு டி-ஷர்ட், போஸ்டர் விற்பது வேறு கதை. ஒருவரின் பெயரையும் உருவத்தையும் அனுமதி இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதை, ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் 2015-லேயே சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகரித்திருக்கிறது.
* நடிகரின் வீட்டு முகவரி, கார் எண், குழந்தையின் பள்ளி ஆகியவற்றைப் பதிவிடக் கூடாது.
* பின்தொடர்பவர்களிடம் பணம் வசூலிக்க வேண்டாம்.

எல்லை எங்கே?

அவர் நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்வது ரசனை. விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்பு கொள்ள முயல்வதும், இணையத்தில் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்படி குற்றம். நடிகை என்பதால் இந்தச் சட்டம் பொருந்தாமல் போகாது.

வில்லன், வில்லி வேடம் போடுபவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திரையில் மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமியார், கடையில் காய்கறி வாங்கும்போது வசவு வாங்குவதும், அவருடைய குழந்தையின் படத்துக்குக் கீழே சாபம் விடும் கமென்ட் வருவதும் நடக்கிறது. அந்த அளவுக்குக் கோபம் வருகிறதென்றால் அவர் வேலையை நன்றாகச் செய்கிறார் என்றுதான் பொருள். கோபம் கதாபாத்திரத்தோடு நிற்கட்டும்.

சுருக்கமாக...

* நடிகர் மாறினால் காரணத்தை யூகிக்க வேண்டாம்.
* புதிய தொடர் என்றால் சேனல் ப்ரோமோவே கடைசி வார்த்தை.
* விழாவுக்குப் போகும் முன் நடத்துபவர், நடிகர் இருவர் பக்கத்தையும் பார்க்கவும்.
* ப்ளூ டிக்கை மட்டும் நம்ப வேண்டாம்.
* ரசிகரிடம் இன்பாக்ஸில் வந்து பணம் கேட்பவர் உங்கள் நடிகராக இருக்க வாய்ப்பில்லை.
* பணம் போனால் உடனே 1930.